லூடோ ஆடும்போது சொன்னது

ஞாயிறு, இரவு

விடுதியிலிருந்து யாழினி நேற்று வந்தாள். பதினொன்றாம் வகுப்பு. எதைக் கேட்டாலும், "நல்லாத்தான் இருக்கறேன்மா" என்பதோடு சரி. சாயங்காலம் லூடோ அட்டையை விரித்துக் கூப்பிட்டேன். உட்கார்ந்தாள்.

என் காயை வெட்டியதும் சிரித்தாள். பிறகு பகடையை உருட்டிக்கொண்டே, "எங்க ரூம்ல ஒரு புள்ள தெனமும் பாத்ரூமுக்குள்ள போயி அழுவுதும்மா" என்றாள். தலை நிமிரவில்லை.

"ஏஞ்சாமி?"

"மார்க் கொறஞ்சா எல்லாரு முன்னாடியும் நிக்க வெக்கறாங்க. ஊட்ல சொன்னா அவங்கப்பா வருத்தப்படுவாருன்னு சொல்றதில்ல."

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. "சொன்னா அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு" என்றேன்.

"நெசமாவாம்மா?" என்று அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "நெசமாத்தான் சாமி" என்றேன்.

யாழினியின் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளியூரில் இருக்கிறார். போனில் சொன்னேன். "நாளைக்கு அனுப்ப வேண்டாம். நான் வாரேன்" என்றார்.

நாளைக் காலையில் விடுதிக்குக் கிளம்பப் பையைக் கட்டி வாசலருகே வைத்திருந்தாள். அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோனேன். தூங்காமல் படுத்திருந்தவள் பையைப் பார்த்தாள். நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறாளோ.