செடிக் கிராணி நட்ட முருங்கை

என் அன்பு அண்ணே, எங்கள் செடிக் கிராணியே,

முதலில் உன் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பூத்துவிட்டது. லயத்து வீடுகளின் பின்னால் வரிசையாக நிற்கிற முருங்கைகளில் உன்னுடையதுதான் உயரம். நீ இறந்துவிட்டாய் என்பது அதற்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். போன வாரம் லுக்குட் கடைத்தெருவில் ஒருவன் என்னைத் தேடி வந்தான். பகாவ் பக்கத்துத் தோட்டத்துக்காரன். சயாம் ரயில்பாதை வேலையில் உன் பக்கத்தில் படுத்திருந்தவன், தப்பி வந்திருக்கிறான். வாந்திபேதி என்றான். மூங்கில் காட்டுக்குள் புதைத்தார்களாம். என்ன மூங்கில் என்று கேட்டேன். நீ கேட்டிருப்பாய் என்பதால் கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பினாங்கில் உன் வீடு குண்டில் போனது. சிங்கப்பூரில் நம் கல்லூரியும் மூடிவிட்டது. கல்லூரித் தோழனாக என்னோடு எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தாய், என் அம்மாவுக்கு மூத்த மகனானாய். மானிடவியல் படிக்க இருந்தவன் நீ. மனிதனுக்கும் செடிக்கும் நடுவே என்னதான் இருக்கிறது என்பது உன் கேள்வி. ரப்பர் பால் வெட்டிவிட்டு வருகிறவர்களை வழிமறித்துக் கேட்பாய். பறிக்கும் முன் கறிவேப்பிலையிடம் சொல்வீர்களா? காய்க்காத மரத்தைத் திட்டுவீர்களா? பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா ஒருநாள் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“நமக்குப் பேரு போட்டுக் கணக்கெழுத ஒரு கிராணி இருக்காரு. இப்ப செடிக்குப் பேரு போட இன்னொரு கிராணி வந்துட்டாரு லா.”

அன்றிலிருந்து உனக்கு அதுதான் பெயர்.

பிறகு ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் எடுக்கத் தொடங்கினான். முதலில் போனவர் செல்லம்மா அக்காவின் புருஷன் கருப்பையா. கிளம்புகிற காலையில் முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்துப் போத்தாக நட்டார். தண்ணி ஊத்து என்று மட்டும் சொன்னார். அது துளிர்த்தது. அடுத்து எடுக்கப்பட்டவர்கள் ஆளுக்கொரு போத்து நட்டுவிட்டுப் போனார்கள். மரம் தழைத்தால் ஆள் நலம். ஆள் திரும்பும்வரை அதில் ஓர் இலை பறிக்கக்கூடாது. இதையெல்லாம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சில மாதங்களில் பாட்டன் காலத்து வழக்கம் என்றே பேச ஆரம்பித்தார்கள்.

உனக்குச் சந்தோஷம். சந்தோஷப்பட்டதில் வெட்கமும். ஒரு வழக்கம் நம் கண்ணெதிரே பிறக்கிறது, எதிலிருந்து பிறக்கிறது பார் என்றாய்.

அப்புறம் வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். எங்கள் வீட்டில் அம்மாவை விட்டால் நாம் இருவர்தான். நான் காய்ச்சலில் கிடந்தேன். நீ போனாய். போகும்முன் நீயும் ஒரு போத்து நட்டாய். சிரித்துக்கொண்டே நட்டாய். எல்லோரும் பார்த்தார்கள்.

இப்போதைய சேதி. அரிசி இல்லை. காலையும் மாலையும் மரவள்ளிதான். செல்லம்மா அக்காவின் மகள் பொன்னிக்குக் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது, முருங்கைக்கீரையாவது கொடு என்று அனுப்பிவிட்டார்கள். மற்ற மரங்களை எப்போதோ மொட்டையடித்தாகிவிட்டது. போனவர்களின் மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. அக்கா தன் மரத்தடியில் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். குடத்துத் தண்ணீரை அதற்கு ஊற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

மகளா, புருஷனா? இப்படி ஒரு கேள்வியை நாம் எங்கே படித்தோம்?

உன் மரத்தில் நான் பறிக்கலாம். பறித்தால் நீ இல்லை என்று சொன்னதாகிவிடும். செழித்து நிற்கிற மரத்தின் ஆளே செத்துவிட்டான் என்றால், மற்ற மரங்களை நம்பி இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? அதனால் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம்கூட.

நேற்று பொன்னியால் எழுந்து நிற்க முடியவில்லை.

பெண்கள் குழாயடியில் இருந்தபோது, அவர்கள் எதிரிலேயே பறித்தேன். துண்டு நிறைய. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கீரையைச் செல்லம்மா அக்காவிடம் நீட்டினேன்.

“அப்ப செடிக் கிராணி வரமாட்டாரா?”

“வரமாட்டாருக்கா.”

அவள் உன் மரத்தைப் பார்த்தாள். பிறகு தன் மரத்தை.

“அது சிரிச்சுக்கிட்டே வச்ச மரம், தம்பி. அதுக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுக்காரரு அழுதுகிட்டே வச்சாரு.”

கீரையை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள். அடுப்பு புகைந்தது. கொஞ்ச நேரத்தில் குடத்தோடு வந்து தன் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். குழாயடியில் மற்றவர்களும் குடத்தை நிரப்பத் தொடங்கினார்கள்.

வழக்கம் உடையவில்லை, அண்ணே. அதில் இன்னொரு விதி சேர்ந்துவிட்டது: சிரித்து நட்ட மரம் சேதி சொல்லாது. நீ இருந்தால் இதைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பாய். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று காய்ச்சலோடு சன்னல் வழியாகத்தான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் இருந்தது சிரிப்புதானா?

இன்று காலை பொன்னி கீரை கசக்கிறது என்று துப்பினாள். அப்புறம் தானே கேட்டு வாங்கித் தின்றாள்.

கருப்பையா வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் மரத்தைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. உன் மரம் இனி லயத்துக்கே பொது. அதை வெட்ட விடமாட்டேன். அதிலிருந்து போத்து ஒடித்து வீட்டுக்கு வீடு நட்டுக் கொடுப்பேன். யார் உயிரையும் அதன் தலையில் வைக்காமல், பறித்துத் தின்பதற்கு. நடும்போது சிரிக்கவும் மாட்டேன், அழவும் மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அம்மா இன்னமும் உன்னைத்தான் மூத்தவன் என்கிறாள்.

அவள் இளையவன்,
உன் தம்பி
சின்னையா