பின்னாலிருந்து பிடித்தது யார்

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் கேரவனை என் மகன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளே வைத்தது, டிரக்கின் பின்னால் கொக்கி மாட்டி இழுப்பது. அக்கா போய்ச் சேர்ந்து மூன்று மாதம். "பெரியம்மா எனக்குத்தான்னு சொல்லிட்டுப் போனாங்க" என்கிறான். சொல்லியிருப்பாள். எங்கள் அம்மா செத்த சேதியை, பிணத்தை எடுத்தப்புறம் எனக்குச் சொல்லி அனுப்பினவள்தானே. அன்றோடு பேச்சை விட்டேன். இப்போது அவள் கட்டிலில் நான் படுக்கணுமாம்.

திங்கட்கிழமை அவன் அணைக்கட்டில் வெல்டிங் வேலைக்குச் சேரணும். இல்லையென்றால் வேலை போச்சு. அங்கே வீடு கிடையாது. இதுதான் வீடு.

மார்ச் 5, வியாழன்

கிளம்பினோம். டிரக்கில் அவன், மருமகள், நான். வெளியே ஓர் இலை அசையவில்லை. ஆனாலும் வண்டி நகர மாட்டேன் என்கிறது. டீசலைக் குடம் குடமாய்க் குடிக்கிறது.

"யாரோ பின்னாலேர்ந்து புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும்மா."

எனக்குச் சுருக்கென்றது. சின்ன வயசில் நான் ஓடினால் சடையைப் பிடித்து இழுப்பாள் அக்கா. "என்னடி அவசரம்?"

இறங்கிப் பார்த்தால், பின் ஜன்னலின் பலகை, மேலே தூக்கித் திறப்பது, முறம் மாதிரி விரிந்து நிற்கிறது. ஓடும்போது எதிர்க்கிற காற்றெல்லாம் அதில் மாட்டித்தான் இந்த இழுவை. தாழ்ப்பாள் போட்டது நான். என் கையால்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி திறந்திருந்தது.

வழியில் ஒரு மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "முன்மூஞ்சி செவுரு மாதிரி இருக்கு சார், காத்து நேரா முட்டுது. டிரக் மேல சாய்வா ஒரு தகடு வெச்சா ஏறிப் போயிடும். கனத்த முன்னாடி மாத்துங்க, பின்னாடி இருந்தா வால ஆட்டும். ஆட்டினா பிரேக்க மட்டும் மிதிச்சிடாதீங்க."

மகன் தகடு வைத்தான். கனமான வெல்டிங் பெட்டியை மட்டும் பின்மூலையிலிருந்து நகர்த்தவில்லை. "முன்னாடி லேசா இருந்தாத்தான் டிரக்குக்கு நல்லது. அவனுக்கென்ன தெரியும்?" அப்படியே அப்பன் புத்தி.

"நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள் மருமகள். நான் சொல்லித்தான் கேட்டுவிடப் போகிறானாக்கும்.

ஜன்னல் பலகைக்கு உள்ளேயிருந்து நாலு மூலையிலும் திருகாணி முடுக்கிவிட்டு வெளியே வந்தான். "இனி பெரியம்மாவே வந்தாலும் தொறக்க முடியாது."

சும்மா இருடா என்றேன். சிரித்தான். அப்போது கேரவன் லேசாக இறங்கி ஏறிற்று, உள்ளே கட்டிலில் யாரோ உட்கார்ந்த மாதிரி. நாங்கள் மூன்று பேரும் வெளியேதான் நின்றிருந்தோம்.

மார்ச் 7, சனி

இன்று எழுத்து கோணல் மாணல்.

ஆற்றுக்கு மேலே நீளப் பாலம். பக்கவாட்டில் காற்று. தகடு வைத்ததும் வண்டி பறக்கிறதென்று அவனுக்குக் குஷி. பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. முதலில் தன் பக்கம் உறிஞ்சிற்று, அப்புறம் தள்ளிவிட்டது. கண்ணாடியில் பார்க்கிறேன் — கேரவன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிசு. டிரக்கையே தூக்கி வீசுகிறது. பாலத்துச் சுவர் கிட்டே, இதோ —

"பிரேக் போடாதீங்க!" மருமகள் கத்தினாள். நானும் கத்தினேன். "அக்கா, புடி!" என்று கத்தினேனாம். மருமகள் சொல்கிறாள்.

பின்னால் டப்பென்று சத்தம். வண்டி பின்னுக்கு இழுபட்டது. வால் நேராயிற்று.

ஊர்ந்து பாலத்தைத் தாண்டி நிறுத்தினோம். பலகை காற்றை வாரிப் பிடித்துக்கொண்டு விரிந்து நின்றது. பட்டத்துக்கு வால் மாதிரி அதுதான் நேராக்கியது என்கிறான். இருக்கலாம். திருகாணி நாலும் உள்ளே கட்டில்மேல் இருந்தன. ஒன்றுகூட உடையவில்லை. கழற்றி வைத்த மாதிரி.

மார்ச் 8, ஞாயிறு

பெட்டியை முன்னால் மாற்றினான். யாரும் சொல்லவில்லை.

கடைசியாக அம்மா முகத்தை அக்கா எனக்குக் காட்டாமல் விட்டதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அது வேறு.

கிளம்பும்போது, "போலாமா?" என்று கேட்டான். "ம்" என்றேன். மருமகளும் தலையாட்டினாள். அவன் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் கேரவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி பெரியம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு எடுத்தான்.