வியாகுல மாதா வேஷம்

பிப்ரவரி 13, 1991. சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு உபதேசியார் அருளப்பன் வந்தார். பெரிய வெள்ளி நாடகத்தில் சிலுவையடியில் அழும் வியாகுல மாதாவாகக் கோயில் மரச்சிலையைத்தான் நிறுத்துவார்கள். இந்த வருஷம் அதைக் கரையான் தின்றுவிட்டதாம். "ஒயரமா, வெள்ளையா நீங்க ஒர்த்தர்தான் கீறீங்க, மார்த்தாம்மா. சும்மா நின்னா போதும்."

சும்மாவா? பிரான்சில், லியோன் நகர மேடையில் பதினொரு வருஷம் கதாநாயகியாக நின்றவள் நான். இந்தச் சேரப்பணஞ்சேரிக்காரரைக் காதலித்துக் கப்பலேறியதோடு எல்லாம் போயிற்று. அவரும் போய்விட்டார். முப்பத்தைந்து வருஷமாக எனக்குக் கைதட்ட ஆளில்லை. சரி என்றேன். வெட்கம் கெட்டவள்.

மார்ச் 4

ஒத்திகை. ஒரு வரி வசனம் கேட்டேன். சிலைக்கு ஏது வசனம் என்று சிரிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள், "நீ ரெண்டு மணி நேரம் பேசாம இருப்பியா? நடக்கிற கதையா அக்கா?" என்றாள். இந்த ஊரில் என்னை அக்கா என்கிற ஒரே ஜீவன். தினமும் காபி, தினமும் சண்டை.

மார்ச் 29. பெரிய வெள்ளி

கறுப்புப் புடவையில் அசையாமல் நின்றேன். பெண்கள் சிலைக்குச் செய்வது போலவே காலடியில் உப்பும் மிளகும் கொட்டினார்கள். உருகிய மெழுகு பாதத்தில் விழுந்தது. அப்போதும் அசையவில்லை. கர்வம், வேறென்ன.

முடிந்ததும் நான்கு பேர் என்னைப் பீடத்தோடு தூக்கினார்கள். "இறக்குங்கப்பா" என்றேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோயிலில் மாதா இடத்தில் வைத்து, முழந்தாளிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். பக்கக் கதவு வழியாக வீடு வந்தேன்.

இறக்கச் சொன்னேனா? சத்தமாகத்தானே சொன்னேன்?

ஏப்ரல் 2

லூர்தம்மாள் காபிக்கு வரவில்லை. நானே போனேன். "லூர்து, நான்தாண்டி" என்றேன். முக்காடு போட்டுக்கொண்டு காலில் விழுந்தாள். "எம் புள்ள பாபுக்குப் பத்து நாளா ஜொரம் தாயே. நீதான் பாத்துக்கணும்." போன வாரம் அவனுக்கு மாத்திரை கொடுத்ததே நான்தான்.

ஏப்ரல் 3

பாபுவுக்கு ஜுரம் விட்டுவிட்டது. போச்சு.

ஏப்ரல் 6

வீட்டில் நின்று என் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மெழுகு விழுந்த இடத்தில் கொப்புளம் இல்லை. வலிகூட இல்லை. ஏன் இல்லை?

ஏப்ரல் 9

விடிந்ததிலிருந்து வாசலில் ஆட்கள். ஒரகடம், பிள்ளைப்பாக்கம், எங்கிருந்தெல்லாமோ. லூர்தம்மாள்தான் வரிசை பார்க்கிறாள். "குந்துங்க, தாயி இப்ப வந்துரும்." லியோனில்கூட இவ்வளவு நேரம் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை.

ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிடுவாள். கூப்பிடவில்லை.

கறுப்புப் புடவை கட்டியாயிற்று. கதவைத் திறக்க வேண்டியதுதான்.