சொல்லாமல் வந்த ‘வரேன்’

உன் மகள் அனுப்பிய காப்பிப் பொட்டலத்தை இன்று காலை கல்கத்தாவில், டாக்குரியா வீட்டுச் சமையலறையில் பிரித்தேன். ஏலக்காய் வாசனை கூடம்வரை வந்தது. நீ போய் ஒரு மாதம் ஆகிறது. ‘அம்மா உங்களுக்கு அனுப்பச் சொன்னாள், ஆன்ட்டி’ என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தாள்.

டெட்ராய்ட்டில் நம் தெரு முழுக்க உன்னைப்போல் லெபனான்காரர்கள், சிரியாக்காரர்கள். நடுவில் கல்கத்தாவிலிருந்து வந்த எங்கள் தமிழ்க் குடும்பம். திருவிழாவுக்கு முன்னால் சர்ச் மண்டபத்தில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டுவீர்கள். நான் சுருட்டியது அத்தனையும் பிரிந்துபோகும். “கல்கத்தாக்காரி செஞ்சதைத் தனியா வையுங்க, நானே தின்னுக்கறேன்” என்பாய்.

காப்பி குடித்ததும் ‘தாயிமே’ சொல்லக் கற்றுக்கொடுத்தவளும் நீதான். இந்த வீட்டில் என்றைக்கும் இப்படியே நடக்கட்டும் என்று பொருள். உன் கணவர் இறந்த அன்று, உங்கள் சாவு வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அதையே சொல்லித் தொலைத்தேன். கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. சாவு வீட்டில் அதைச் சொல்லவே கூடாதாம். நீதான் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாய். எங்களுக்கும் இப்படி ஒன்று உண்டு, சாவு வீட்டில் ‘போயிட்டு வரேன்’ சொல்லாமல் பேசாமல் கிளம்ப வேண்டும் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

“அப்படின்னா என் வீட்டுல தினமும் சொல்லு” என்றாய். அதன்பிறகு கிளம்பும்போது நான் தமிழிலேயே ‘வரேன்’ சொன்னால்தான் கதவைத் திறப்பாய்.

நாங்கள் ஒரேயடியாக ஊர் திரும்பிய நாளில் நோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. எழுந்து வந்து காப்பி போட்டாய். குடித்துவிட்டு ‘தாயிமே’ சொன்னேன். வாசலில் நீ காத்துக்கொண்டு நின்றாய். இனி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பெரிய அரிச்சந்திரன் பரம்பரை நான், பொய் சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் படி இறங்கினேன்.

“ஒண்ணை மறந்துட்டே” என்றாய். நான் திரும்பவில்லை. நீ உயிரோடு இருக்கும்போதே உன் வீட்டைச் சாவு வீடாக்கிவிட்டு வந்தேன்.

இங்கே அண்ணி என்ற பொருளில் பௌதி என்று நான் கூப்பிடும் மாடி வீட்டு வங்காளிக்காரி கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போகும்போதுகூட ‘ஆஷ்ச்சி’ என்பாள். வருகிறேன் என்றுதான் அதற்கும் பொருள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது.

இன்று சர்க்கரை போடாமலே குடித்தேன். ‘தாயிமே’ சொல்லவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். வீட்டில் யாரும் இல்லை. வாசலில் நின்று, உனக்குக் கேட்கட்டும் என்று, “போயிட்டு வரேன்” என்றேன். இந்தத் தடவை அது பொய்யில்லை.