சூடான தட்டில் ஒரு கரண்டி எண்ணெய்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நலம் என்று போட்டால்தான் கடிதம் தொடங்கும், அதனால் போட்டுவிட்டேன், பெரிதாக நம்பாதே. நீயாவது நிஜமாகவே நலமாக இரு. அப்பா போய் இருபத்தாறு நாள் ஆகிறது. லீவு கிடைக்காமல் நீ வராமல் போனதை இங்கே யாரும் குறையாகப் பேசவில்லை, உன் அக்கா மட்டும் இரண்டு நாள் முணுமுணுத்தாள், பிறகு அவளே உன் பழைய சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

உனக்கும் ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, அப்பாவுக்குச் செய்த மாதிரி பொரிக்காத ஃபலாஃபல் எப்படிச் செய்வது என்று போனில் கேட்டாயே. முப்பத்திரண்டு வயசுதானேடா உனக்கு. விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் படி. கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறப்போடு, வேகவைக்காதே. நான் அதிபுத்திசாலியாக முதல் தடவை வேகவைத்து அரைத்தேன், ஓவன் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்பா சுரண்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சு செவுரு பூசலாம்" என்றார். ஊறிய கடலையைத் தண்ணீர் ஒட்ட வடித்து, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லித்தழை, சீரகம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரை. அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டுத் தட்டையாகத் தட்டு, உருண்டையாக இருந்தால் உள்ளே வேகாது.

அப்பாவுக்கு ருசி ஒரு பிரச்சினையே இல்லை. நெஞ்சுவலி வந்து நம் ஃபலாஃபல் கடையை மூடும்வரை இருபத்தெட்டு வருஷம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற மனுஷன். சட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், ரொட்டியைச் சுற்றிக்கொண்டே காதால் கேட்டு, இரைச்சல் அடங்கும்போது சரியாகத் திருப்பிவிடுவார். நானோ ஆறிய தட்டில் எண்ணெய் தடவி, அடுக்கி, ஓவனுக்குள் தள்ளுவேன். அது சத்தமே போடாது. ஊமை அடுப்பு என்று பெயர் வைத்தார். நேரமானால் மணி அடிக்கிறதே என்றால், "மணிக்கு என்னடி தெரியும்?" என்பார். ஒரு நாள் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், குனிந்து ஓவன் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார். காது மடலில் கொப்புளம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "உள்ள ஒண்ணுமே நடக்கல" என்றார்.

கடைசி நாள் மதியம், "ஒண்ணே ஒண்ணு பொரியேன், திங்கக்கூட வேணாம், சத்தம் கேட்டாப் போதும்" என்று கேட்டார். ஊருக்கே பொரித்துப் போட்டது போதாதா என்று எரிந்து விழுந்தேன். தட்டில் வைத்த நாலையும் தின்று, கை கழுவி, நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது காதில் அந்தக் கொப்புளம் காய்ந்து தோல் உரிந்திருந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

உனக்குச் சூடும் நேரமும் சரியாக எழுத வேண்டுமே என்று நேற்று மறுபடி செய்தேன். புத்தி ஒரு நிலையில் இல்லை, காலித் தட்டு உள்ளே இருப்பதை மறந்து ஓவனைப் போட்டுவிட்டேன். வெளியே எடுத்து, போனால் போகிறது என்று அந்தச் சூட்டிலேயே ஒரு கரண்டி எண்ணெய் தடவி, ஒன்றை வைத்தேன். சுர்ரென்று கேட்டது. நம் கடைச் சத்தம், கொஞ்சம் சின்னதாக. "என்னங்க, ஓடி வாங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கரண்டி எண்ணெய்தானடா, டாக்டர்கூட அதை வேண்டாமென்று சொல்லவில்லை. கடையை மூடிய பிறகு அவர் இருந்த ஆறு மாசமும் எனக்கு இது தோன்றவில்லையே.

இருநூறு டிகிரியில் இந்தப் பக்கம் பன்னிரண்டு நிமிஷம், அந்தப் பக்கம் பன்னிரண்டு நிமிஷம். மாத்திரையை விடாதே, தினமும் நட. நோய்நொடி இல்லாமல் அப்பாவின் வயசையும் சேர்த்து நீ இருக்க வேண்டும். தட்டைக் காலியாக முதலில் சூடுபண்ண மறக்காதே. மாவை வைக்கும்போது எனக்குப் போன் போட்டு, தட்டுப் பக்கத்தில் பிடி. நீ ஒன்றும் பேச வேண்டாம்.

உன் அம்மா