அது பேசினால்தான் முடிஞ்சுது

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில், கழித்துக்கட்ட ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இன்று காலை திறந்தேன். மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை வந்தது. வருஷக்கணக்காகச் சூடேறி ஆறிய தூசியின் வாசனை. அதற்குள் கொஞ்சம் பிளாஸ்டிக், கொஞ்சம் ஈயம். பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துபோனாள். எனக்கு அது உன் வீட்டு முன்னறை.

உன்னைப் பற்றி எழுத எனக்குச் சரியாக வராது. மெயில் எழுதினாலே மூன்று வரிக்கு மேல் போகாதவன் நான். இதை உனக்கு யார் படித்துக் காட்டப் போகிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்வி நீ இருந்தபோதும் இருந்ததுதான். தபால் வந்தால் படிக்க, மாத்திரை அட்டையில் பெயர் பார்க்க, தெருவில் போகிற யாரையாவது பிடித்து நிறுத்திவிடுவாய். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத உனக்கு ஆள் பிடிப்பதில் கூச்சம் இருந்ததே இல்லை.

நான் உன்னிடம் மாட்டியது பஸ் ஸ்டாப்பில். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு குடியாத்தத்திலிருந்து வந்து, ஸ்ரீராம்புரத்தில் உன் வீட்டு மாடியில் குடியேறிய புதிது. வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். நீ கோலோடு நிற்பதைப் பார்த்து, "பஸ் வந்துடுச்சு சார், ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்த பஸ்?"

"மெஜஸ்டிக்."

"நான் மல்லேஸ்வரம் போகணும். நீங்க மெஜஸ்டிக் போயிட்டு வாங்க. நான் விசாரிச்சதா அங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

கோபத்தில் நான் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. நீ பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டு, "மெஜஸ்டிக் எப்படி இருந்துச்சு?" என்றாய். அன்றோடு சார், வாங்க, போங்க எல்லாம் போய்விட்டது.

அப்போது நீ ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள், யார் லீவு, யார் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச் சொல்வார்கள், எல்லாம் உனக்கு அத்துப்படி. தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் திட்டி ஆங்கிலத்தில் லைன் கொடுப்பாய். அந்த வருஷம் ஆபீஸுக்குப் புது எக்ஸ்சேஞ்ச் வந்தது. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் நம்பரை அழுத்தினால் நேராகப் பிரிவுக்கே மணி அடிக்கும். நடுவில் ஆள் தேவையில்லை.

"சம்பளம் தருவாங்களா?" என்று நான் கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் கேள்வியாகப் பட்டது.

"தருவாங்க. நாற்காலியும் தருவாங்க. பத்து மணிக்கு வந்து உட்காரலாம், அஞ்சரைக்கு எழுந்துக்கலாம். கோயில் வாசல்ல உட்கார்ற மாதிரி. தட்டு மட்டும் இருக்காது."

நீ அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

புகார்ப் பிரிவில் ஒரு டைப்பிங் சீட் காலியாக இருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போகும் ஆங்கிலக் கடிதங்களை அடிக்கிற வேலை. நீ போய்க் கேட்டாய். அதிகாரி நல்லவர்தான், ஆனால் நம்பவில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேரை அந்த மெஷினில் போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆனால் அவர் எதிரில், பக்கத்தில் யாரும் இல்லாமல், அவர் சொல்லும் கடிதத்தை நீயே அடித்து நீயே பிரிண்ட் எடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள். இல்லையென்றால் அந்த நாற்காலி.

ஆபீஸில் எல்லாம் விண்டோஸ் தொண்ணூத்தெட்டு. உன்னிடம் இருந்தது ஆபீஸ் ஏலத்தில் எடுத்த பழைய பென்டியம். அதில் ஓடியது தொண்ணூத்தெட்டுக்கும் இரண்டு தலைமுறை முந்திய விண்டோஸ். கறுப்புத் திரையில் வரும் எழுத்தை மட்டும் படித்துச் சொல்லும் ஒரு சின்ன புரோகிராமை வைத்து நீ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாய். வீட்டில் பழகாமல் ஆபீஸில் போய் உட்கார முடியாது. பழக வேண்டுமானால் இந்தக் கிழட்டு மெஷினில் தொண்ணூத்தெட்டு ஏற வேண்டும்.

"ஏறும்" என்றேன். "கொஞ்சம் ராம் போட்டா போதும். எஸ்.பி. ரோட்ல பழசு கிடைக்கும்."

"இப்ப இது பேசுது. நீ கை வெச்சப்புறம் பேசலைன்னா?"

"பேசும்டா."

"பேசலைன்னா பழசும் போச்சு, புதுசும் போச்சு. எனக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

"எத்தனை மெஷின் போட்டிருக்கேன். ஒரு மணி நேர வேலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தோம். உன் மனைவி செல்வி அக்காவுக்குத் தையல் கம்பெனி லீவு. சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடி எங்கள் பேச்சில் ஒரு காதை வைத்திருந்தாள். அவள் கை ஓய்ந்து சத்தம் நின்றால், "கேட்டது போதும், பிசை" என்பாய்.

என் வழக்கம் என்னவென்றால், திரையில் எது வந்தாலும் அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போவது. படிப்பதெல்லாம் புது ஆட்களுக்கு. நீ விடவில்லை.

"இப்ப என்ன வந்திருக்கு?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

"சும்மான்னு எழுதியிருக்கா?"

வேறு வழியில்லாமல் படித்தேன். நான் படிக்கப் படிக்க அந்த நீளமான சீரியல் நம்பரை நீதான் அடித்தாய், ஓர் எழுத்து தப்பாமல். கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைக்க என்று கேட்டது. 'சோம்பேறி' என்று ஆங்கிலத்தில் அடித்தாய். ஃபைல்கள் ஏறும்போது அது தன்னைத்தானே புகழ்ந்து வரிசையாக விளம்பரம் காட்டியது. அதையும் படிக்கச் சொன்னாய்.

"இன்னும் வேகமானதுன்னு போட்டிருக்கு."

"எவ்வளவு நேரமா போட்டிருக்கு?"

"அரை மணி நேரமா."

"வேகம்தான்."

பிறகு, மெஷினுக்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்று அது தேடும் கட்டம் வந்தது. பாதியில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தேன். என்னுடைய கொஞ்ச நேரம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். மூன்று கீயைச் சேர்த்து அழுத்தி ரீஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்று கையை வைத்தேன்.

"என்னடா, சத்தமே இல்ல?"

"நின்னுடுச்சு. திருப்பிப் போடறேன்."

"ஸ்கிரீன்ல என்ன இருக்கு?"

"ஏதோ எழுதியிருக்கு."

"ஏதோன்னா?"

"உனக்குப் படிச்சுக் காட்டவே என் ஞாயித்துக்கிழமை போயிடும்போல."

"சும்னிரு குரு" என்று கன்னடத்தில் வாயை மூடச் சொன்னாய். "பேசற நேரத்துக்குப் படிச்சிருக்கலாம்."

படித்தேன். ரொம்ப நேரம் அசைவில்லாவிட்டால் மெஷினை முழுதாக அணைத்துவிட்டு மறுபடி போடவும், விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்த மூன்று கீயை மட்டும் அழுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தது. என் விரல்கள் அந்த மூன்றின் மேல்தான் இருந்தன. அதையும் உன்னிடம் சொன்னேன்.

"இதை எழுதினவன் உன்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்திருக்கான்" என்றாய்.

அணைத்துப் போட்டதும் தொடர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் திரை முழுக்க அந்தப் பச்சை கலந்த நீலம் விரிந்தது. ஓரத்தில் குட்டிக் குட்டிப் படங்கள். அந்தக் கிழட்டு மெஷினில் அதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து, "முடிஞ்சுது" என்றேன்.

நீ காத்துக்கொண்டிருந்தாய். "ஸ்டார்ட் ஆனா ஒரு மியூசிக் வருமே. ஆபீஸ்ல கேட்டிருக்கேன்."

"அது சவுண்ட் கார்டு. அதை அப்புறம் பார்த்துக்கலாம். மெயினா எல்லாம் வந்துடுச்சு."

"உனக்கு மெயின் வேற, எனக்கு மெயின் வேற."

நீ குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எதிரில் இவ்வளவு அழகாக ஒரு திரை, உன் கணக்கில் அது ஒரு தகரப்பெட்டி. காலையில் பேசிக்கொண்டிருந்தது, நான் கை வைத்தபின் பேசவில்லை. கார்டைக் கழற்றி மாட்டினேன். அதன் டிரைவர் சாஃப்ட்வேரைத் திருப்பிப் போட்டேன். ஸ்பீக்கர் ஒயரை ஆட்டினேன். செல்வி அக்கா வாசலில் வந்து நின்று, "ஏங்க, தம்பி முகம் வெளுத்துப் போச்சு. உங்களுக்குத் தெரியாதேன்னு சொல்றேன்" என்றாள்.

"மூச்சு வாங்கறதுலயே தெரியுது" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன பண்றியோ அதைச் சொல்லிக்கிட்டே பண்ணு" என்றாய்.

"சொன்னா உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிய வேணாம். உள்ளே இருக்கிற பார்ட்டுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் காட்டும்னியே, அதைப் படி. காலையிலிருந்து அதானே நமக்கு வேலை."

எரிச்சலோடுதான் ஆரம்பித்தேன், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரில்தான் அது கம்ப்யூட்டரைக் கூப்பிடும். ஃப்ளாப்பி, ஆறு. கீபோர்டு, ஒண்ணு. நெட்வொர்க் கார்டு, அஞ்சு. பிரிண்டர், ஏழு. சவுண்ட் கார்டு, அஞ்சு. அந்த இரண்டாவது 'அஞ்சு' என் வாயிலிருந்து வந்து என் காதிலேயே விழுந்தது. கண்ணால் அந்தப் பட்டியலை அதற்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். கண்ணுக்கு அது படவே இல்லை.

"ஏன் நிறுத்திட்டே?"

"அஞ்சு ரெண்டு தடவை வருது."

"வரலாமா?"

"வரக் கூடாது. ரெண்டு பேரும் ஒரே லைன்ல கூப்பிட்டா யாருக்கும் கிடைக்காது."

ஆபரேட்டருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப ஒருத்தனைக் கட் பண்ணு" என்றாய்.

நெட்வொர்க் கார்டு ஆபீஸ் காலத்து மிச்சம். வீட்டில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. பழைய விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, புதியது தேடிப் பிடித்து எழுப்பிவிட்டிருந்தது. கழற்றித் தரையில் வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். திரை வந்து, கூடவே அந்த மியூசிக்கும் வந்தது. செல்வி அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். நீ மறுபடி ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னாய். கேட்டாய். இன்னொரு தடவை என்றாய். எனக்குப் பசி உயிர் போனது, ஆனாலும் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டு, படித்துச் சொல்லும் சாஃப்ட்வேரை ஏற்றினோம். காசில்லாமல் கிடைத்த மாதிரிப் பிரதி. முக்கால் மணி நேரம் போலப் பேசும், பிறகு ஊமையாகிவிடும், மெஷினை அணைத்துப் போட வேண்டும். அது முதலில் பேசியபோது அக்கா, "யாருங்க இவன், சளி புடிச்சவன் மாதிரி?" என்றாள்.

"யாரா இருந்தா என்ன. இந்த மாசக் கடைசி வரைக்கும் நம்ம வீட்லதான் இருப்பான்."

நான் சாய்ந்து உட்கார்ந்தேன். வாய் வரை வந்த வார்த்தையைச் சொல்லாமல் உன்னைப் பார்த்தேன். கீபோர்டில் கை வைத்து மெனுவில் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தவன், கொஞ்சம் கழித்து நீயே சொன்னாய்: "இப்ப முடிஞ்சுது."

அதன் பிறகு தினமும் மாடியில் எனக்கு அந்தச் சளிக் குரல் கேட்டது. அது ஊமையாகும்போது நீ டீ குடிப்பாய், திருப்பிப் போடுவாய்.

டெஸ்ட் அன்று உன் கூடவே வந்து ஆபீஸ் வாசல் டீக்கடையில் நின்றேன். நீ வெளியே வந்தபோது முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு?"

"வேணும்னே வேகமா சொன்னார். மெதுவா சொல்லுங்கன்னேன்."

"அப்புறம்?"

"மெதுவா சொன்னார்."

"டேய், முழுசா சொல்லுடா."

"பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை தப்புன்னார். எதுன்னு கேட்டேன். நீங்க சொன்னதே அதானே சார்னேன். அவர் ஆரம்பத்திலிருந்து எல்லாக் கடிதத்திலும் அதைத் தப்பாத்தான் சொல்லிட்டு வந்திருக்கார்போல, அடிச்சவங்க சத்தமில்லாம திருத்தியிருக்காங்க." கண்ணாடி டம்ளருக்குக் கையை நீட்டினாய். "திங்கட்கிழமை ஆர்டர் போடறாராம்."

சில வருஷம் கழித்து, மஞ்சள் காமாலை முற்றி நீ போனபோது நான் வேலை விஷயமாகச் சென்னையில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன்னிடம் வாங்கிக்கொண்டதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் நான் இன்று வரை சம்பாதிக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. என் டீமில் யார் எதை முடித்தேன் என்று சொன்னாலும், உபயோகிக்கப் போகிற ஆள் என்ன சொன்னார் என்றுதான் கேட்கிறேன். மீட்டிங்கில் மேனேஜர் 'முடிந்ததா' என்றால், 'கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்கிறேன். இதனால் எனக்கு இழுவைக்காரன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அவசரக்காரன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவனுக்கு.

நீ புது சீட்டில் உட்கார்ந்த அந்த முதல் மாதம், மல்லேஸ்வரத்துக்கு வேறு வேலையாக வந்தவன் உன்னைப் பார்க்கலாம் என்று புகார்ப் பிரிவுக்குள் நுழைந்தேன். மேஜையில் காகிதக் கட்டு. காதில் ஹெட்போன். பக்கத்து சீட்டு அம்மா ஒரு கடிதத்தை உனக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதற்குள் இன்னொருவர் வந்து, "நம்ம லெட்டர் என்னாச்சுப்பா?" என்றார். செருப்புச் சத்தத்திலேயே என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். திரும்பக்கூட இல்லை.

"வேலை இருக்குடா. அப்படி உட்காரு."

உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. யாராவது என்னைக் காக்க வைத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். அன்றைக்கு எழுந்து போகத் தோன்றவே இல்லை. நீ அடித்துக்கொண்டிருந்தாய், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதும் எந்த ஆபீஸிலாவது, கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிராமல் "வேலை இருக்கு, உட்காருங்க" என்று சொன்னால், எனக்குக் கோபம் வருவதில்லை. உட்கார்ந்துவிடுகிறேன்.