சூளைக்காரன் கட்டிய வீடு

விருத்தாசலம்
22.3.1994

அன்பு மகள் வாசுகிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையும் நல்லபடி இருக்கக் கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், வீட்டுக்குத்தான் இரண்டு வருஷமாகக் காய்ச்சல்.

புனேயிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. தலைப்பிரசவத்தை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன், டாக்டரம்மா நன்றாகக் கவனிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். டாக்டரம்மா மேல் எனக்குக் குறையில்லை, ஆனால் போன சித்திரையில் நீ வந்த நாலாம் நாளே உடம்பெல்லாம் வேர்க்குருவோடு ரயில் ஏறியதை நான் மறக்கவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அழுதாள்.

என் தப்பை ஒத்துக்கொள்கிறேன் வாசுகி. பாலிடெக்னிக்கில் படித்த பெண் நீ, இந்த வீடு கட்டும்போதே வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே ஜன்னல் வையுங்கள், மேற்கே தாழ்வாரம் இறக்குங்கள் என்று படம் வரைந்து கொடுத்தாய். பீங்கான் கம்பெனிச் சூளையில் இருபத்தாறு வருஷம் வெந்தவனுக்கு இவளா சொல்வது என்று அதைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். கம்பெனியில் பழைய சூளையைப் பிரித்தபோது கழித்துப்போட்ட செங்கல் கிடைத்தது, எந்த நெருப்புக்கும் அசையாத கல்லாயிற்றே என்று படுக்கையறையின் மேற்குச் சுவரை அதிலேயே இரட்டைக் கனத்தில் எழுப்பினேன். கொத்தனார் கருப்பன் அப்போதே, இன்னாண்ணே வூடு கட்றீங்களா சூளை கட்றீங்களான்னு கேட்டான். அவனுக்கு விவரம் போதாது என்று நினைத்தேன். சூட்டை வெளியே விடாமல் காப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அந்த வேலையை வீட்டிலும் பிசகாமல் செய்துவிட்டேன். பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் விளக்கு வைத்ததும் அதைத் திருப்பிக் கக்கும், இரண்டு காத்தாடியும் ஒரு ஏர்கூலரும் சேர்ந்து அதை அறைக்குள்ளேயே சுற்றவிடும், மீட்டர் சக்கரம் பம்பரமாய் ஓடும். என் முட்டாள்தனத்தை விரட்ட நெய்வேலியில் கரி வெட்டி எரித்துப் புகை விடுகிறார்கள், இந்தப் பெருமை நம் தெருவில் வேறு யாருக்கும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே கருப்பனைக் கூப்பிட்டேன். சிரிக்காமல் வந்தான், அதற்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். உன் படத்தின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது, ஜன்னல்கள் தப்பின. முட்டுக் கொடுத்து மேற்குச் சுவரை இடித்துச் சாதாரணச் செங்கல்லில் கட்டி, வெளியே கீற்றுத் தாழ்வாரம் இறக்கி, இரண்டு ஜன்னலும் திறந்தாயிற்று. நேற்று மதியம் காத்தாடியை நிறுத்திவிட்டு அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வேர்த்தது, ஆனால் துண்டைப் பிழியும்படி இல்லை. என் பேச்சை நீ நம்ப வேண்டாம், வீட்டு விஷயத்தில் நானே நம்புவதில்லை. இன்று அம்மா அதே அறையில் காத்தாடி இல்லாமல் பாய் போட்டுத் தூங்கிவிட்டாள். எழுந்ததும், நீங்க செஞ்ச தப்புக்கு எனக்கு ஏன் தண்டனைன்னு உங்க பொண்ணைக் கேட்டு எழுதுங்கன்னு சொன்னாள். கேட்டுவிட்டேன்.

சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, ரயிலில் கீழ் பெர்த்துக்குச் சொல்லிவைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல். தாயும் சேயுமாய் நூறு வருஷம் நன்றாயிருங்கள். நீ வரும் தேதியை மட்டும் எழுது, அதை அம்மாவிடம் நானே படித்துக் காட்ட வேண்டும்.

உன் அப்பா,
பழமலை